இடப்பக்கம் வைத்த தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணுமூணு அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு குழாய்த் தண்ணீரில் மூன்று முறை, அப்புறம் எந்திரத்தில் வடிகட்டிய சுத்த நீரில் மூன்று முறை அலச வேண்டும் என்பது அங்கே சட்டம். யார் அவசரத்துக்கு ஒரு குவளையைக் கழுவினாலும் பின்னால் போய் நின்றுகொண்டு, "மூணு மூணு ஆச்சா?" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அதுவே அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

எண்ணிக்கை தவறாமல் இருக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. அம்மா சொல்லிக் கொடுத்த பிரார்த்தனை ஒன்று, ஆறே வரி. முதல் வரி நன்றி சொல்வது. இரண்டாவது பிழை பொறுக்கக் கேட்பது. மூன்றாவது வீட்டாருக்காக, நான்காவது முன்பின் தெரியாதவர்களுக்காக, ஐந்தாவது நோயாளிகளுக்காக. ஆறாவதில் கேட்பதற்கு ஒன்றும் கிடையாது, உன் விருப்பம் என்று விட்டுவிடுவது. இருபத்துநான்கு சின்னக் குப்பிகள் அடுக்கிய தட்டில் தண்ணீரை நிரப்புவாள், ஒரு வரி சொல்வாள், தட்டோடு கவிழ்ப்பாள். ஆறு வரி முடிந்தால் ஆறு அலசல் முடிந்தது.

"சாமி கும்பிடறியா, கணக்குப் போடறியா?" என்று ஸ்டோர்க்காரர் கிண்டல் செய்வார்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே. மேல இருக்கிறவரும் கணக்குப் பார்க்கிறவர்தானே."

தொட்டிக்கு வலப்பக்கம் வைத்த தட்டு என்றால் இன்னும் கழுவ வேண்டியது. இடப்பக்கம் வைத்தால் முடிந்தது. இடப்பக்கத் தட்டை யாரும் அவளைக் கேட்காமல் எடுத்து உலர்த்தும் பெட்டியில் வைக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் இடப்பக்கத் தட்டைப் பற்றி அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவள் கழுவுகிற குப்பிகளில் பாதிக்கு மேல் கோடி அறைக்குப் போகும். அங்கே வேலை செய்கிற டாக்டரம்மாவுக்கு எறும்பு என்று பட்டப்பெயர். ஆள் குள்ளம், உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, படித்து வாங்கிய டாக்டர். மறதி நோய்க்கு மருந்து தேடுகிற வேலை.

மறதி நோய் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவள் அந்த அறைக் குப்பிகளை இன்னும் கொஞ்சம் பார்த்துக் கழுவ ஆரம்பித்தாள். காரணம் வீட்டில் இருந்தது.

அவள் புருஷன் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். எந்த வீட்டு மீட்டர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் மோர் கிடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் சாவி எங்கே என்று தேடினார். அப்புறம் குளியலறை எங்கே என்று கேட்டார். இப்போது கண் அசந்தால் வெளியே போய், யார் வீட்டிலாவது நுழைந்து, மீட்டர் பெட்டி முன்னால் நின்று எண்களை உரக்கப் படிக்கிறார். எண்கள் மட்டும் தப்புவதில்லை.

போன வருஷம் ஒரு காலையில் பெண்டாட்டியைப் பார்த்து மரியாதையாக, "வீட்டுக்காரம்மா, மீட்டர் எந்தப் பக்கம்?" என்றார். அவள் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்கம்மா" என்று வாசல்வரை போனார். அவள் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்து காலை உணவு கொடுத்தாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லி, பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். அவளும் கூடவே சிரித்தாள்.

ஒருநாள் காலிக் குப்பிகளை எடுக்கப் போன இடத்தில் எறும்பு டாக்டரம்மாவிடம் புருஷன் கதையைச் சொல்லிக் கேட்டே விட்டாள். "டாக்டரம்மா, இந்த நோய் எப்படித்தான் வருது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் அஞ்சாவதோட நின்னவ."

டாக்டரம்மா நின்றபடியே சொன்னாள். "உங்க தொட்டியில அடைப்பு எப்படிக்கா வருது?"

"துணுக்குத் துணுக்கா ஏதாவது போய்ச் சேர்ந்துக்கும்."

"அதேதான். மூளையில நூல் மாதிரி ஒரு புரதம் இருக்கு. அதை வெட்டுறதுக்கு ஒரு நொதி இருக்கு, இங்க நாங்க என்சைம்னு சொல்றோம். கத்தரிக்கோல்னு வச்சுக்கங்க. அது வெட்டிப்போட்ட துணுக்கு கரையாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சுக்குது. அதனாலதான் இந்த நோய்னு ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி."

"அப்ப கத்தரியைப் பிடுங்கிட வேண்டியதுதானே?"

"பிடுங்க முடியாது. உடம்புக்கு வேற வேலையும் அது செய்யுது. வாயைக் கொஞ்சம் கட்டி வைக்கணும். முழுசா இல்லை, பாதி. அந்த வாய்க்கட்டைத்தான் தேடறோம்."

தேடுகிற முறையையும் சொன்னாள். நொதியை ஒரு கரைசலோடு சேர்ப்பார்கள். அது வெட்ட வெட்டக் கரைசல் ஒளிரும். மருந்தைச் சேர்த்தபின் ஒளி மங்கினால் கத்தரி வாய் மூடிக்கொண்டது என்று அர்த்தம். நூறு மருந்துக்கு மேல் வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதில் நாற்பத்தொன்றாம் எண் மருந்து லேசாக மங்க வைத்தது. ரொம்ப லேசாக.

"ஆனா ஒண்ணுக்கா, கிடைச்சாலும் மாத்திரையா கைக்கு வர பத்து வருஷம் ஆகும். நடுவுல நூத்துக்குத் தொண்ணூறு செத்துப்போகும். நான் மருந்தைச் சொல்றேன்."

"பரவாயில்ல, மருந்து கொடுக்கிற பட்டியல்ல எங்க வீட்டுக்காரர் பேரை முதல்ல எழுதி வைங்க" என்றாள் இவள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சும்மா ஒரு சீட்டில் 'மீட்டர் ஐயா' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். விளையாட்டுக்கு எழுதியதுதான். ஆனாலும் குப்பி எடுக்கப் போகும்போதெல்லாம் இவள் கண் அந்தச் சீட்டுக்குப் போய்வரும்.

அது ஒரு வியாழக்கிழமை. கோடி அறைக்கு அவசரம் என்று ஒரு தட்டுக் குப்பி கேட்டிருந்தார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் நிரப்பி முதல் வரி சொல்லிக் கவிழ்த்தாள். மறுபடி நிரப்பி, பிழை பொறுக்கக் கேட்கிற இரண்டாவது வரியைத் தொடங்குகிறபோது மடியில் இருந்த போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரி.

"அக்கா, உங்க வீட்டுக்காரரைக் காணோம்! பால் காய்ச்சிட்டு வர்றதுக்குள்ள கதவைத் திறந்துட்டுப் போயிட்டாரு. தெருவுல ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்."

தட்டைக் கவிழ்த்து, ஈரக் கையைத் துடைக்க இடம் வேண்டி அதைப் பக்கத்தில் வைத்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. ஸ்டோர்க்காரரிடம், "அண்ணே, நான் வீட்டுக்கு ஓடறேன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மூன்று மணி நேரம் கழித்து நான்கு தெரு தள்ளி ஒரு அடுக்கு வீட்டில் ஆள் கிடைத்தார். பதினாறு வீட்டு மீட்டரையும் படித்து முடித்து, மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இவளைக் கண்டதும், "வீட்டுக்காரம்மா, உங்களது மட்டும்தான் பாக்கி" என்றார்.

இந்தக் களேபரத்தில் தட்டு அவள் நினைவிலிருந்து போய்விட்டது. மறுநாள் தொட்டிப் பக்கம் காலியாக இருந்தது. காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஞாபகம் வரும்?

மூன்று வாரம் கழித்து எறும்பு டாக்டரம்மா ஓடிவந்தாள். எப்போதும் ஓட்டம்தான். ஆனால் தொட்டிவரைக்கும் வந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா! நாற்பத்தொண்ணு பிடிச்சுக்கிச்சு! மூணு தடவை பண்ணிட்டேன், மூணு தடவையும் ஒரே மாதிரி. மருந்தைக் குறைச்சா ஒளி கூடுது, கூட்டினா மங்குது. கோடு போட்ட மாதிரி வருது!"

இவளுக்குக் கோடு புரியவில்லை, முகம் புரிந்தது. கையுறையோடு டாக்டரம்மாவின் கன்னத்தைத் தொடப் போனவள் சோப்பு என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

மாடியில் இருந்த பேராசிரியர் இறங்கி வந்தார். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் முன்னால் அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இதை வைத்துப் பேசுவது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் தேநீர் வந்தது. ஸ்டோர்க்காரர் நாலு பிஸ்கட் கூட எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், "நாற்பத்தொண்ணு பேரால" என்று.

அன்று சாயங்காலம் அவள் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே, "ஏங்க, உங்களுக்கு மருந்து வருது" என்றாள்.

"எத்தனை யூனிட்?" என்றார் அவர்.

பத்து வருஷம் என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் என்றால் அவருக்கு எழுபத்துமூன்று வயது. எழுபத்துமூன்றில் எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். ஐந்தாவது வரியைச் சொல்லும்போது அதுவரை எல்லா நோயாளிகளையும் பொதுவாக நினைப்பவள், இப்போது நாற்பத்தொன்று என்ற எண்ணையும் நடுவில் சேர்த்துக்கொண்டாள். தெய்வத்துக்கு எண் தெரியாதா என்ன.

நிபுணர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, கோடி அறை அலமாரியைச் சுத்தம் செய்தார்கள். கழுவி ஒரு மாதத்துக்கு மேல் ஆன குப்பிகளை, பயன்படுத்தாவிட்டாலும் மறுபடி கழுவ வேண்டும். ஒரு தட்டு வந்தது. பதினெட்டுக் குப்பி இருந்தது, ஆறு எடுத்தாகிவிட்டது. தட்டின் ஓரத்தில் உலர்த்திய தேதியை ஸ்டோர்க்காரர் எழுதியிருந்தார்.

தூசி போகட்டும் என்று சோப்புப் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை நிரப்பினாள். பதினெட்டுக் குப்பி வாயிலும் நுரை எழும்பியது.

பெரிய நுரை இல்லை. உளுத்தம்பருப்பு அளவுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ்க்கூட்டம். பத்தொன்பது வருஷத்தில் கழுவிய குப்பியில் அவள் நுரை பார்த்ததில்லை. தட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அவர் காணாமல் போன அந்த வியாழக்கிழமை. கை எந்தப் பக்கம் நீண்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்டோர்க்காரரிடம் போய்க் கேட்டாள். "அண்ணே, அன்னிக்கு நான் ஓடினேனே, தட்டு எங்க இருந்துச்சு?"

"இடப்பக்கம்தான். நல்லவேளை முடிச்சுட்டுத்தான் போயிருக்கன்னு எடுத்து உலர்த்தப் போட்டேன். ஏன், குறைஞ்சுதா?"

"இல்லண்ணே. கூடுதலா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

குழாயைத் திறந்து ஆறு வரியையும் சொல்லிக் கழுவிவிட்டால் அந்தப் பதினெட்டும் சுத்தம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது, கையும் குழாய்வரை போனது. சோப்பு நாற்பத்தொன்றுக்கு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். தெரியாத விஷயத்தைப் போய்ச் சொல்லி எதற்கு நல்ல காரியத்தைக் கெடுப்பது என்றும் நினைத்தாள். குழாயைத் திறக்கவில்லை. தட்டை ஒரு துணியால் மூடித் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவர் நல்ல நிதானத்தில் இருந்தார். அப்படிச் சில நாள் வாய்க்கும். அவளைப் பார்த்து, "என்ன, முகம் வாடியிருக்கு?" என்றார். வீட்டுக்காரம்மா என்று சொல்லவில்லை.

"ஏங்க, நீங்க வேலை பார்க்கும்போது மீட்டர் எண்ணைத் தப்பாப் படிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவை. ஏழுங்கிற எண்ணை ஒண்ணுன்னு படிச்சேன்."

"அப்புறம்?"

"மறுநாள் போய்ச் சொன்னேன். மேலதிகாரி திட்டினான், சரியான எருமைமாடுன்னு." அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். "சொல்லாம விட்டிருந்தா அடுத்த மாசம் கணக்கு இன்னும் தப்பா வரும். தப்பு மேல தப்பாத்தான் ஏறும்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. கதவுக்குப் பின்னால் மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு கோடி அறைக்குப் போனாள். எறும்பு டாக்டரம்மா பேச்சுக்கான படங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்தொன்றின் கோடு திரையில் வழவழவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, நாற்பத்தொண்ணை எந்தக் குப்பியில கலந்தீங்க?"

"நீங்க கழுவினதுலதான். ஏன்க்கா?"

"இந்தத் தட்டுலயா?"

டாக்டரம்மா தேதியைப் பார்த்து, குறிப்பேட்டைப் புரட்டினாள். "ஆமா. மூணு தடவையும் இதுலதான். இன்னும் மூணு வேற வேலைக்கு எடுத்தேன்."

"இதுக்கு ஒரு அலசல்தான் ஆச்சு. ரெண்டாவது பாதியில நின்னுபோச்சு. தப்பு என்னோடது. ஸ்டோர் அண்ணனைக் கேக்காதீங்க, அவருக்குத் தெரியாது." ஒரு குப்பியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி உயர்த்திக் காட்டினாள். நுரை வந்தது.

டாக்டரம்மா உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து இவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு வச்ச வெறும் கரைசல் புது பிளாஸ்டிக் குழாயில இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "மருந்து மட்டும் குப்பியில. சோப்பு இருந்தா, மருந்தோட சேர்ந்து அதுவும்தான் குறைஞ்சிருக்கும், கூடியிருக்கும். கோடு அழகா வராம என்ன செய்யும்?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அந்தத் தணிந்த குரல் திட்டைவிடக் கனமாக இருந்தது.

"மருந்தே போடாம, வெறும் கரைசலை மட்டும் இந்தக் குப்பியில ஊத்திச் சோதிச்சுடலாம். நாளைக்குத் தெரிஞ்சிடும். நீங்க வேலையைப் பாருங்கக்கா."

அன்று அவள் பதினொரு தட்டுக் கழுவினாள். ஐந்தாவது வரியில் நாற்பத்தொன்றைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு தட்டிலும் யோசனை வந்தது. சேர்த்தாள். உண்மையாக இருந்தால் காப்பாற்று, இல்லாவிட்டால் காட்டிக்கொடு என்று சொல்லிப் பார்த்தாள். காட்டிக்கொடு என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாகவே வந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா தொட்டிக்கு வந்தாள். ஓடி வரவில்லை.

"வெறும் கரைசலும் ஒளியை மங்க வச்சிடுச்சுக்கா. மருந்தே இல்ல, உங்க சோப்புதான் வாய்க்கட்டு."

"முழுசாவா?"

"முழுசா. நாற்பத்தொண்ணைப் புதுக் குழாயில திரும்பப் பண்ணினேன். முதல்ல இருந்த மாதிரி லேசாத்தான் மங்குது. நூத்துக்கு ஆறு, ஏழு. ஆறு வாரமா குதிரைன்னு நினைச்சு எறும்பு மேல உட்கார்ந்திருந்தோம்."

தன் பட்டப்பெயர் அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டோர்க்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தும்மினார்.

பேராசிரியர் மாடிக்குக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று நினைத்து, போகும்போதே கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "யாரும் கேட்கலையே, ஏம்மா சொன்னீங்க?"

"கணக்கு அடுத்த மாசம் இன்னும் தப்பா வரும்ங்க ஐயா" என்றாள்.

அவருக்கு அது எந்த அளவுக்குப் புரிந்ததோ. வெள்ளிக்கிழமைப் பேச்சில் நாற்பத்தொன்று இல்லை. மருந்துகளின் தரவரிசையில் அது பழைய இடத்துக்கே போயிற்று, எழுபதாவதோ என்னவோ. குப்பியில் கலக்கிற மருந்துக்குக் குப்பியிலேயே ஒரு வெறும் கரைசலும் வைக்க வேண்டும் என்று சுவரில் புதிதாக ஒரு விதி ஒட்டினார்கள். 'மீட்டர் ஐயா' சீட்டு அதற்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. கிழிக்கட்டுமா என்று டாக்டரம்மா கண்ணால் கேட்டாள். இருக்கட்டும் என்று இவள் தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம், "மருந்து இப்ப வரலைங்க" என்றாள். அவர், "அடுத்த மாசம் படிச்சுக்கலாம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகலில் தட்டைத் தண்ணீரால் நிரப்பி நான்காவது வரியில் இருந்தாள். முன்பின் தெரியாதவர்களுக்கான வரி. போன் அடித்தது. எதிர்வீட்டுக்காரி.

"அக்கா, மறுபடி போயிட்டாரு. ஆனா இந்தத் தடவை பயப்படாதீங்க, அந்த அடுக்கு வீட்டுப் பிள்ளைங்க பிடிச்சு உட்கார வச்சிருக்காங்க. பதினாறும் படிச்சாச்சாம்."

"இதோ வர்றேன்."

போனை மடியில் வைத்தாள். தட்டை உடனே கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். வலப்பக்கம் வைத்தாள். அப்புறம் ஈரக் கையைத் துடைத்து, ஸ்டோர்க்காரரின் பேனாவை வாங்கி, ஒரு காகிதத்தில் அஞ்சாம் வகுப்பு எழுத்தில் பெரிதாக 'முடியவில்லை' என்று எழுதித் தட்டின்மேல் வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் ஒரு குப்பியை அதன்மேல் நிறுத்தினாள்.

"திரும்பி வந்து நாலாவதுலேருந்து சொல்லுவியா?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"சோப்புலேருந்துண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.